21 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கு முகாமையாளரைத் தெரிவுசெய்தல்: பஸர்பீட்டர் கழக உரிமையாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பஸர்பீட்டர் என்னும் இணையக் கூடைப்பந்தாட்டக் கழக முகாமை விளையாட்டு 2007ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அதில் கழகம் ஒன்றை நடத்துகிற ஒவ்வொருவருக்கும் தன் கழகத்துக்கு அப்பால் இன்னொரு பொறுப்பும் உண்டு. தனது கழகம் எந்த நாட்டின் லீக்கில் இருக்கிறதோ, அந்த நாட்டின் தேசிய அணியையும் 21 வயதுக்குட்பட்ட இளையோர் அணியையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதை வாக்களித்துத் தீர்மானிக்கும் பொறுப்பு அது. தேசிய அணித் தேர்தல் வந்தால் எல்லோரும் பரபரப்படைகிறார்கள். இளையோர் அணித் தேர்தலையோ பலர் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறார்கள். வாக்களிப்பவர்களிலும் கணிசமானோர் தெரிந்த பெயரைப் பார்த்து அழுத்திவிட்டுப் போகிறார்கள். என் கருத்தில் முக்கியத்துவம் மறுவளமாக இருக்க வேண்டும். தேசிய அணிக்கு வருகிறவர் ஏற்கெனவே வளர்ந்த வீரர்களைக் கொண்டு ஆடுகிறார். அந்த வீரர்கள் வளர்வார்களா இல்லையா என்பது அதற்குப் பல பருவங்களுக்கு முன்பே, இளையோர் அணியின் முகாமையாளர் எழுதிய மடல்களாலும் எழுதாமல் விட்ட மடல்களாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

கொழும்பிலிருந்து விளையாடுகிற தமிழ் வாசகர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் இருந்தாலும் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் வாக்களித்துவிடலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சில மாலைப்பொழுதுகளைச் செலவிடுவது எப்படி என்பதையே கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: அந்தப் பதவியின் வேலை எது என்பதை விளங்கிக்கொள்ளுதல்

முகாமையாளர் என்றதும் போட்டியன்று அணியை நிறுத்துகிறவர், ஆட்டத்திட்டத்தைத் தெரிவுசெய்கிறவர் என்றே மனம் நினைக்கிறது. அது வேலையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. தேசிய அணிக்கென்று தனியான பயிற்சி எதுவும் இந்த விளையாட்டில் இல்லை. வீரர் தன் கழகத்திலேயே பயிற்சி பெறுகிறார். அதன் பலன் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில் தெரியவருகிறது. எந்தத் திறனில் பயிற்சி, எந்த இடத்தில் ஆட்டம், எத்தனை நிமிடம் என்பவற்றை எல்லாம் கழக உரிமையாளரே முடிவு செய்கிறார். தேசிய முகாமையாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு வீரரின் ஒரேயொரு திறனை ஒரு படிகூடத் தன் கையால் உயர்த்த முடியாது. உரிமையாளரிடம் பேசி இணங்கவைக்க மட்டுமே அவரால் முடியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு பருவகாலம் 14 வாரங்களைக் கொண்டது. 18 வயதில் டிராஃப்ட் மூலம், அதாவது கழகங்கள் புதிய இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் முறையின் மூலம், ஒரு கழகத்துக்கு வருகிற வீரருக்கு 18, 19, 20, 21 என நான்கு பருவங்கள் இளையோர் அணிக்குரிய வயது இருக்கும். ஆக, கையில் இருப்பவை 56 வாரப் பயிற்சிகள். வயது குறைவாக இருக்கும்போது பயிற்சி வேகமாகப் பலன் தரும் என்பதால், இந்த 56இல் முதற் பதினான்கே மிகவும் பெறுமதியானவை. டிராஃப்ட் முடிந்து ஆறு வாரம் கழித்து ஒரு முகாமையாளர் ஒரு நல்ல பையனைக் கண்டுபிடித்தால், அந்த ஆறு வாரங்களையும் பிறகு எந்த உத்தியாலும் மீட்க முடியாது.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் வெளிப்படுகிறது. இந்தப் பருவத்தில் களத்தில் நிற்கிற 21 வயது வீரர்கள் இரண்டு மூன்று பருவங்களுக்கு முன்னர் டிராஃப்டில் வந்தவர்கள். அவர்களுடைய ஆற்றலுக்கோ குறைபாட்டுக்கோ காரணமானவர் அன்றைக்குப் பதவியில் இருந்தவர். ஆகவே இப்போதைய முகாமையாளரின் வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்து அவரை மீண்டும் தெரிவுசெய்வதும், அதே பட்டியலை வைத்து அவரை நிராகரிப்பதும் ஒரே அளவுக்குப் பிழையானவை. அவருடைய வேலையின் பெறுபேற்றைப் பார்க்க வேண்டுமானால் இன்றைய 18, 19 வயதுக்காரர்களைப் பாருங்கள்.

சிறிய நாடுகளுக்கு உற்சாகம் தரக்கூடிய கணக்கு ஒன்றும் உண்டு. ஒரேயொரு இடத்துக்குப் பயிற்சி கொடுக்கிற கழகம், வாரத்தில் மூன்று போட்டிகளில் ஒவ்வொருவருக்கு ஒரு போட்டி என வைத்து, மூன்று இளைஞர்களை முழுவேகத்தில் வளர்க்கலாம். ஒரு போட்டிக்கான குழுவுக்கு 12 பேர் போதும். அதாவது, நான்கே நான்கு உரிமையாளர்கள் தளராத மனத்துடன் நான்கு பருவங்கள் சரியான திட்டத்தில் நின்றால் ஒரு நாட்டின் இளையோர் அணி முழுவதும் அவர்கள் கையிலிருந்தே வந்துவிடும். அந்த நால்வரைக் கண்டுபிடித்து, இடையில் அவர்கள் சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்ளக்கூடியவர் யார் என்பதே நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி.

இரண்டாம் படி: உரைகளை வாசிக்குமுன் அணியை நீங்களே பாருங்கள்

வேட்பாளர்களின் தேர்தல் உரைகளைத் திறப்பதற்கு முன்னர், தற்போதைய இளையோர் அணியின் பட்டியலைத் திறந்து ஒரு மாலை செலவிடுங்கள். பிறருடைய வீரர்களின் திறன் அளவுகள் உங்களுக்குத் தெரியாது. அவை உரிமையாளருக்கே உரியவை, வீரர் விற்பனைக்கு வரும்போது மட்டும் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயது, உயரம், ஊதியம் ஆகியவை எவருக்கும் தெரியும். அவை சொல்லும் செய்தியே போதுமானது.

ஊதியம் பருவத்துக்கு ஒருமுறை, பருவத் தொடக்கத்தில், வீரரின் திறன்களைக் கொண்டு மறுபடி கணிக்கப்படுகிறது. ஆகவே ஒரு 20 வயது வீரரின் ஊதியம் சென்ற பருவத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பது, அவருக்குச் சென்ற பருவத்தில் உண்மையாகவே பயிற்சி கிடைத்ததா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊதியம் அசையாமல் இருக்கிற இளைஞர் கழகத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஒரு தாளில் நான்கு வயதுகளையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஊதியம் நன்றாக ஏறியிருக்கிற வீரர்களின் எண்ணிக்கையைக் குறித்துப் பாருங்கள். 21இல் ஏழு பேரும் 19இல் ஒருவருமாக இருந்தால், அடுத்த முகாமையாளர் யாராக இருந்தாலும் இரண்டு பருவங்களில் அணி தடுமாறும். அந்த நிலையில் உங்களுக்குத் தேவைப்படுபவர் கிண்ணம் வாங்கித் தருவதாகச் சொல்பவரைவிட, டிராஃப்ட் முடிந்த அன்றே வேலையைத் தொடங்குகிறவர்.

அதே பட்டியலில் வீரர்கள் எந்த நாட்டுக் கழகங்களில் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரு வீரர் வேறு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டாலும் அவருடைய தேசியம் மாறுவதில்லை. இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கிற ஓர் உரிமையாளரிடம் நம்முடைய சிறந்த இளைஞர் இருக்கலாம். அந்த உரிமையாளருக்கு நம் அணியில் எந்த அக்கறையும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவருக்கு அக்கறையை உண்டாக்குவது முகாமையாளரின் மடல்.

மூன்றாம் படி: தேர்தல் உரையை வாசித்தல்

உரையை இரண்டு முறை வாசியுங்கள். முதல் வாசிப்பில் கோஷங்களையும் நன்றியுரைகளையும் மனத்துக்குள் அடித்துவிடுங்கள். மிஞ்சுகிற வாக்கியங்கள் எத்தனை என்று இரண்டாம் வாசிப்பில் பாருங்கள். இந்த நாட்டின் இந்த அணியைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றாவது அதில் இருக்கிறதா? பெயரை மாற்றி வேறு எந்த நாட்டுத் தேர்தலிலும் அப்படியே போடக்கூடிய உரை என்றால், எழுதியவர் பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். “19 வயதில் நமக்குப் பின்கள வீரர்கள் (கார்ட்) இல்லை, அடுத்த டிராஃப்டில் முதலில் தேடவேண்டியது உயரம் குறைந்தவர்களை” என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தக் கணிப்பு சரியா பிழையா என்பதை நீங்கள் இரண்டாம் படியில் எழுதிவைத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உலகக் கிண்ணம் பற்றிய வாக்குறுதியைக் கண்டால் சற்று நிதானியுங்கள். இளையோர் அணியில் வயது கடந்தவர்கள் ஒவ்வொரு பருவமும் போய்விடுகிறார்கள். ஒரு பதவிக்காலத்தில் நியாயமாக வாக்குறுதி அளிக்கக்கூடியவை, எத்தனை இளைஞர்கள் பயிற்சித் திட்டத்தில் இருப்பார்கள், உரிமையாளர்களுடன் எவ்வளவு அடிக்கடி தொடர்பு இருக்கும், சேகரித்த தரவுகள் யாரிடம் கையளிக்கப்படும் என்பவையே.

நான்காம் படி: வேட்பாளருக்கு மடல் எழுதுதல்

எல்லாப் படிகளிலும் இதுவே அதிகம் பயன்தருவது. மிகக் குறைவானவர்கள் செய்வதும் இதுவே. விளையாட்டுக்குள் இருக்கிற மடல் வசதியினூடாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே மடலை அனுப்புங்கள். கேள்விகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். அதிகம் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேலோட்டமான பதிலே வரும்.

முதற் கேள்வி உங்கள் சொந்தக் கழகத்தைப் பற்றியதாக இருக்கட்டும். உங்களிடம் உள்ள இளம் வீரர் ஒருவரின் வயது, உயரம், திறன்கள், உச்ச ஆற்றல் (அவர் வளரக்கூடிய எல்லை) ஆகியவற்றை எழுதி, “இவருக்கு அடுத்த பருவத்தில் என்ன பயிற்சி கொடுப்பது நல்லது, ஏன்?” என்று கேளுங்கள். இரண்டாம் கேள்வி, “டிராஃப்ட் முடிந்த முதல் வாரத்தில் நீங்கள் செய்யப்போவது என்ன?” மூன்றாவது, “பதவி முடிந்ததும் உங்கள் குறிப்புகளை என்ன செய்வீர்கள்?”

முதற் கேள்விக்கு வருகிற பதிலை நிதானமாகப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, உங்களிடம் 18 வயது, 6 அடி 10 அங்குல உயரமுள்ள நடுக்கள வீரர் (சென்டர்) ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “நல்ல வீரர், தொடர்ந்து பயிற்சி கொடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்” என்று ஒரு பதில் வரலாம். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றுமில்லை. வேறொருவர் இப்படி எழுதலாம்: “உயரமானவர் என்பதால் கூடைக்கு அருகில் ஆடுவதற்கான உள்வட்டத் திறன்கள் இவருக்கு வேகமாக ஏறும், கூடைக்குத் தொலைவில் ஆடுவதற்கான வெளிவட்டத் திறன்கள் மெதுவாக ஏறும். ஆனாலும் அவருக்கு வெளிவட்டத் தடுப்பு ஏற்கெனவே சராசரிக்கு மேல் இருப்பதால், இந்த வயதிலேயே ஒரு பருவத்தின் பாதியை அதற்குக் கொடுத்தால் பின்னர் எந்தத் தடுப்பு முறையிலும் அவரை நிறுத்தலாம். அதற்காக அவரைப் பின்கள இடத்தில் ஆடவிட வேண்டும். அந்தப் போட்டிகளில் உங்கள் கழகம் தோற்க வாய்ப்புண்டு. நட்புப் போட்டி இருக்கிற வாரங்களில் அதைச் செய்ய முடியுமா?”

இந்தப் பதிலில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. உயரத்துக்கும் பயிற்சி வேகத்துக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியும். உங்கள் வீரரின் அளவுகளை அவர் வாசித்திருக்கிறார். உங்கள் கழகத்துக்கு இதனால் வரக்கூடிய இழப்பை அவர் மறைக்கவில்லை. மூன்றாவதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். உரிமையாளரின் இழப்பை ஒப்புக்கொள்ளாமல் நாட்டுப்பற்றைச் சொல்லி மட்டும் கேட்கிறவர், இரண்டு தோல்விகளுக்குப் பின்னர் அந்த உரிமையாளரை இழந்துவிடுவார்.

பதில் எத்தனை நாளில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு நிற்கும்போதே ஒரு வாரம் எடுக்கிறவர், பதவி கிடைத்த பின் எத்தனை வாரம் எடுப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஐந்தாம் படி: பயிற்சி பற்றிய அறிவைச் சோதித்தல்

வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை நீங்களும் ஓரளவு தெரிந்துகொண்டால்தான் பதில்களை எடைபோட முடியும். ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வீரர் வாரப் பயிற்சியின் முழுப் பலனையும் பெற, பயிற்சிக்குரிய இடத்தில் அவர் 48 நிமிடங்கள், அதாவது ஒரு முழுப் போட்டி, ஆடியிருக்க வேண்டும். இதை உறுதிசெய்வதற்காக அனுபவமுள்ள உரிமையாளர்கள் அந்த இடத்துக்குரிய தொடக்க வீரர், மாற்று வீரர், மூன்றாம் வீரர் ஆகிய மூன்று வரிகளிலும் அதே இளைஞரின் பெயரையே போட்டுவிடுவார்கள். அப்படியும் தவறுகள் அதிகமாகி அவர் வெளியேற நேர்ந்தால் நிமிடங்கள் குறையும். 40 நிமிடத்தோடு வாரம் முடிந்தால் பயிற்சியின் ஒரு பகுதி போய்விடும். இதே அளவு முக்கியமான இன்னொரு அளவு, வீரரின் ஆட்டத் தகுதிநிலை. கேம் ஷேப் என்று திரையில் காட்டப்படுவது அதுதான். வாரத்தில் ஏறத்தாழ 50 முதல் 70 நிமிடங்கள் ஆடுகிறவரின் தகுதிநிலை நன்றாக இருக்கும். இரண்டு முழுப் போட்டிகள், அதாவது 96 நிமிடங்கள் ஆடியவருக்கு அது இறங்கும். ஆடாமல் இருந்தவருக்கும் இறங்கும். தேசிய அணியின் போட்டி வரும்போது இந்தத் தகுதிநிலையோடுதான் அவர் களமிறங்குகிறார். திறனில் சிறந்த ஒருவர் தகுதிநிலை இறங்கிய வாரத்தில், திறனில் ஒரு படி குறைந்தவரைவிடப் பின்தங்கிவிடலாம்.

ஆகவே, “முக்கிய போட்டிக்கு முந்திய வாரங்களில் உரிமையாளர்களிடம் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்டால், விடயம் தெரிந்த வேட்பாளர் நிமிடங்களைப் பற்றிப் பேசுவார். லீக்கில் இறங்குமுகத்தில் இருக்கிற ஒரு கழகம் தன் சிறந்த இளைஞரை வாரத்தில் இரண்டு போட்டிகளிலும் முழுமையாக ஆடவைக்க விரும்பும். அந்த உரிமையாளருக்கு எழுதுகிற மடல் எப்படி இருக்கும் என்பதில்தான் முகாமையாளரின் தரம் தெரியும்.

உச்ச ஆற்றல் பற்றியும் கேளுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கியதும் பயிற்சி மந்தமாகிவிடும். நடுத்தர எல்லை உள்ள ஒருவர் 21 வயதில் இளையோர் அணியின் தூணாக நிற்கக்கூடும். ஆனால் 24 வயதில் அவர் வளர்ச்சி நின்றுவிடும். எல்லை உயர்ந்த ஒருவரோ 21 வயதில் இன்னும் அரைகுறையாகவே இருக்கலாம். ஆனால் தேசிய அணிக்கு வேண்டியவர் அவர்தான். இளையோர் அணியின் நலனும் தேசிய அணியின் நலனும் உரிமையாளரின் பணப்பையும் இந்த இடத்தில் மூன்று திசைகளில் இழுக்கின்றன. உயர்ந்த எல்லை உள்ளவரை இளையோர் அணிக்காக அவசரப்பட்டு ஒரே பக்கமாக வளர்க்கச் சொல்லும் முகாமையாளர், இன்றைய ஒரு வெற்றிக்காக நாளைய தேசிய அணியைக் குறுக்கிவிடுகிறார். இந்தக் கேள்விக்குத் தயங்கிப் பதில் சொல்கிறவரை நான் ஐயத்தோடு பார்ப்பதில்லை. தயக்கமே இல்லாமல் ஒற்றை வரியில் முடிக்கிறவரையே கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஊதியமும் இதோடு தொடர்புடையது. வீரர் எந்த இடத்துக்கு மிகவும் பொருத்தமோ, அந்த இடத்துக்குரிய முதன்மைத் திறன்களே ஊதியத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. துணைத் திறன்கள் நிறைந்த சமநிலையான வீரர், அதே பயன்பாடுள்ள ஒருபக்க வீரரைவிடக் குறைந்த செலவில் கிடைப்பார். இதை ஓர் உரிமையாளருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்த முகாமையாளர், “நாட்டுக்காகச் செய்யுங்கள்” என்று கெஞ்ச வேண்டியதில்லை. “உங்கள் கழகத்துக்கும் இது இலாபம்” என்று கணக்கோடு காட்டலாம்.

ஆறாம் படி: ஆட்டத்திட்ட அறிவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வேட்பாளர்களுக்கு இது போதிய அளவு தெரியும். தன் லீக்கில் வேட்பாளர் அண்மையில் ஆடிய சில போட்டிகளைத் திறந்து பாருங்கள். எதிரணி உள்வட்டத்தில் பலமாக இருக்கும்போது 2-3 வலயத் தடுப்புக்கு (இருவர் முன்னே, மூவர் கூடைக்கு அருகே) போகிறாரா, எதிரணி வெளியிலிருந்து எறிவதில் சிறந்திருக்கும்போது 3-2 வலயத்தை நினைத்துப் பார்க்கிறாரா, அல்லது எல்லாப் போட்டியிலும் ஒரே திட்டமா என்பது தெரிந்துவிடும். முயற்சி அளவை எப்படிக் கையாளுகிறார் என்பதும் முக்கியம். இலகுவான போட்டிகளில் முயற்சியைக் குறைத்து அணியின் உற்சாகத்தைச் சேமித்து, தேவையான போட்டியில் அதைச் செலவிடத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொடரில் எந்தப் போட்டியை விட்டுக்கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணுகிறவர் வேண்டும்.

ஏழாம் படி: நேரம்

ஒரு பருவம் 98 நாள். இரண்டு பருவங்கள் என்றால் ஆறரை மாதம். பதவிக்காலம் எவ்வளவு என்பதை விதிப்பக்கத்தில் பார்த்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வேட்பாளரின் வாழ்க்கையில் என்ன வரப்போகிறது என்று தயங்காமல் கேளுங்கள். கொழும்பில் உற்சாகத்தோடு முன்வருகிற வேட்பாளர்களில் பலர் மாணவர்கள். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிற ஒருவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்தப் பொறுப்பை அப்போது ஏற்கக் கூடாது. அவர் நலனுக்காகவே இதைச் சொல்கிறேன். அவரை உதவியாளராக வைத்துக்கொள்ளுமாறு வேறொரு வேட்பாளரிடம் சொல்லுங்கள். அடுத்த தேர்தலுக்கு அவர் கைதேர்ந்தவராக வருவார்.

நேர வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம். மத்திய ஐரோப்பாவில் குளிர்காலத்து மாலை 7 மணி என்பது நமக்கு இரவு 11.30, அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும்போது இரவு 10.30. ஐரோப்பிய உரிமையாளர்கள் வேலை முடிந்து திரைமுன் உட்காருகிற நேரம் அதுவே. கொழும்பில் இருந்து அவர்களோடு நேரடியாகப் பேசி இணங்கவைக்க விரும்புகிறவர் பின்னிரவில் விழித்திருக்கக்கூடியவராக இருக்க வேண்டும், அல்லது ஒரே மடலில் எல்லாவற்றையும் தெளிவாக எழுதக்கூடியவராக இருக்க வேண்டும். இரண்டாவது வகையினரையே நான் விரும்புகிறேன். ஆறு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எவராலும் தொடர முடியாது.

எட்டாம் படி: நம்பிக்கையும் நலன் முரண்பாடும்

இளையோர் அணியின் முகாமையாளரிடம் உரிமையாளர்கள் தங்கள் வீரர்களின் திறன் அளவுகளை நம்பி அனுப்புகிறார்கள். அது சந்தையில் பணமாக மாறக்கூடிய தகவல். எந்த இளைஞர் விரைவில் விற்பனைக்கு வரப்போகிறார், எவருடைய உண்மையான பெறுமதி உரிமையாளருக்கே தெரியவில்லை என்பன எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பயன்படுத்தித் தன் கழகத்துக்கு மலிவாக வாங்கிக்கொள்கிறவர், அல்லது நண்பருக்குச் சொல்கிறவர், ஒரு முறை செய்தாலே போதும். அதன்பிறகு எவரும் எதையும் அனுப்ப மாட்டார்கள், அணி கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டிவரும். ஆகவே வேட்பாளருடைய கழகத்தின் கொள்வனவு வரலாற்றைத் திறந்து பாருங்கள். அங்கே இளையோர் அணி வீரர்கள் இருப்பது குற்றமில்லை. தானே ஓர் இளைஞரை வளர்த்துக் காட்டியவர் என்பது அவருக்குச் சாதகமான சான்று. அந்த வீரர்களுக்கு அவர் உண்மையிலேயே பயிற்சி கொடுத்தாரா, வாங்கிச் சில வாரத்தில் கூடிய விலைக்கு விற்றாரா என்பதே பார்க்கவேண்டியது.

பயிற்சி கொடுக்கிற கழகங்களுக்குப் பணத்தால் கைம்மாறு செய்வேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவரை விட்டுவிடுங்கள். வேண்டுமென்றே கூடிய விலையில் வீரரை வாங்கிப் பணத்தை இடம்மாற்றுவது விளையாட்டின் விதிகளை மீறுவது. மாட்டுப்படுவது அவர் மட்டுமாக இருக்காது, பெற்றுக்கொண்ட கழகமும் சேர்ந்தே மாட்டுப்படும்.

தரவுகளைக் கையளிப்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதியே. மடலில் கேட்ட மூன்றாம் கேள்வி இதற்காகத்தான். ஒழுங்காக வேலை செய்கிற முகாமையாளரிடம் ஒரு கூகுள் ஷீட் இருக்கும். ஒரு வரியில் வீரரின் பெயர், வயது, உயரம், உச்ச ஆற்றல், கழகம், உரிமையாளரின் மொழி, கடைசியாக மடல் அனுப்பிய திகதி, பதில் வந்ததா, இப்போது எந்தப் பயிற்சி, அடுத்தது என்ன என்பவை இருக்கும். பதவியில் இருப்பவர் மீண்டும் போட்டியிட்டால், வீரர்களின் திறன் அளவுகளை மறைத்துவிட்டு அந்தத் தாளின் அமைப்பை மட்டும் காட்டுமாறு கேளுங்கள். கடைசி மடலின் திகதி என்ற நிரல் வெறுமையாக இருந்தால், அல்லது அப்படியொரு நிரலே இல்லாவிட்டால், அதற்குமேல் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. தேர்தலில் தோற்றாலும் அந்தத் தாளைப் புதியவரிடம் அன்றே கொடுப்பேன் என்று எழுத்தில் சொல்கிறவருக்கு என் மதிப்பீட்டில் ஒரு படி கூடுதல் இடம் உண்டு.

ஒன்பதாம் படி: வாக்கு

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாததால், இலங்கையில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். விளையாட்டின் தேர்தலில் அப்படியொரு இரண்டாம் விருப்பு உங்கள் வாக்கைக் காப்பாற்றும் என்று எண்ணிக்கொண்டு வாக்களிக்காதீர்கள். வாக்காளர் தொகை சிறிதாக உள்ள நாடுகளில் ஐந்தாறு வாக்குகளே முடிவை மாற்றிவிடும். ஒரே வகையான திட்டத்தோடு இரண்டு நல்ல வேட்பாளர்கள் நின்றால் வாக்குகள் பிரிந்து, மூன்றாமவர் வந்துவிடுவார். இதை முன்கூட்டியே கண்டால் அந்த இருவருக்கும் எழுதுங்கள். ஒருவர் முகாமையாளராகவும் மற்றவர் வீரர் தேடலுக்குப் பொறுப்பாளராகவும் சேர்ந்து நிற்க முடியுமா என்று கேளுங்கள். இளையோர் அணிக்கு வீரர் தேடுவது ஒரு தனியாளால் செய்து முடிக்கக்கூடிய வேலையாக எப்போதும் இருப்பதில்லை. ஆகவே இந்த ஏற்பாடு சமரசமாக மட்டுமன்றி, அணிக்கு உண்மையான பலமாகவும் அமையும்.

நண்பர்களுக்குச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு வந்த பதில்களில் எது உங்களை இணங்கவைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மடலை எழுதியவரின் அனுமதியோடு அப்படியே அனுப்பலாம். “எங்கட ஆள்” என்பதற்காக வாக்களிப்பது எளிது. ஒரே பாடசாலை, ஒரே ஊர் என்ற உறவு எனக்கும் இனிமையானதே. ஆனால் இத்தாலியில் இருக்கிற உரிமையாளரை அந்த உறவு இணங்கவைக்காது.

பத்தாம் படி: முடிவு வந்த வாரம்

நீங்கள் வாக்களித்தவர் வென்றாலும் தோற்றாலும், முடிவு வெளியான வாரத்திலேயே புதிய முகாமையாளருக்கு ஒரு மடல் அனுப்புங்கள். உங்கள் கழகத்தில் 21 வயதைத் தாண்டாத வீரர்கள் யார், அவர்களின் திறன்கள் என்ன, இப்போது யாருக்கு என்ன பயிற்சி போகிறது, எதை மாற்ற நீங்கள் தயார், எதை மாற்ற முடியாது என்பவற்றை எழுதுங்கள். இளைஞர்கள் எவரும் இல்லாவிட்டால் அதையும் எழுதி, அடுத்த டிராஃப்டில் ஒருவரை எடுத்துப் பயிற்சி கொடுக்க விருப்பமா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். தெளிவான மறுப்பும் அவருக்கு உதவிதான். அந்த மடலுக்குச் செலவிட இருந்த நேரத்தை வேறொருவருக்கு அவர் கொடுக்கலாம்.

பருவத்தின் நடுப்பகுதியில், ஏழாம் வாரமளவில், அவரிடமிருந்து உங்களுக்கு எத்தனை மடல்கள் வந்தன என்று பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள்; குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம், உங்கள் வீரரின் புதிய அளவுகளைக் கொடுத்து அடுத்த பயிற்சி பற்றிக் கேட்டாலே போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் திகதியோடு குறித்துவைத்து, மற்ற உரிமையாளர்களிடமும் இதே நிலையா என்று விசாரியுங்கள். அடுத்த தேர்தலுக்கான விசாரணை அந்த வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கிடையில் உங்கள் 18 வயது வீரருக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.